நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பொங்கல் கழித்துப் பெங்களூரில் என் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு மர நாற்காலி. தாழ்ந்த இருக்கை, பின்னுக்குச் சாய்ந்த முதுகு, இரண்டு பக்கமும் மெலிந்து வளைந்த கைகள்.

"மாமா, இதுல உக்காந்து பாருங்க. டென்மார்க் ஈஸி சேர். 1950-கள்ல செஞ்சது. பழைய சாமான் கடையில கிடைச்சுது" என்றான்.

விலை கேட்டேன். சொன்னான். விழுப்புரத்தில் நான் வீடு கட்டியபோது அஸ்திவாரத்துக்கு ஆன செலவு அது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு விலை மறந்துபோனது உண்மை. எழுபதைத் தாண்டியவன் இடுப்புக்கு அப்படி ஓர் இடம் அமைவது அபூர்வம்.

அவன் காபி போட உள்ளே போனதும் மெத்தையை எடுத்து வைத்துவிட்டு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். "ஏங்க, வந்த இடத்துல என்ன வேலை இது?" என்று என் மனைவி பதறினாள். கண்ணுக்குத் தெரிகிற ஆணி ஒன்றுகூட இல்லை. யாரும் பார்க்கப் போகாத அடிப்பக்கத்தையும் மேல்பக்கம் போலவே இழைத்து வழவழப்பாக்கியிருந்தார்கள். சட்டத்தின் உள்பக்கம் சூடு போட்டது போல் செய்தவரின் முத்திரை.

அதைப் பார்த்ததும் எனக்கு வேறொரு நாற்காலியின் அடிப்பக்கம் ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன் அதையும் இப்படித்தான் கவிழ்த்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பதிவேட்டில் ஒரு பொய்யை எழுதினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் நாற்காலியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சில் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். தமிழில் நாம் காலை எண்ணி நாற்காலி, முக்காலி என்று பெயர் வைத்தோம். பிரெஞ்சுக்காரர்கள் கையைப் பார்த்தார்கள். கை இல்லாதது ஷேஸ், கை வைத்தது ஃபோத்தெய். இந்த ஃபோத்தெய் என்ற சொல், மடக்கி வைக்கும் இருக்கை என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. நாற்காலியின் முதுகுக்குப் பிரெஞ்சில் தொசியே என்று பெயர். அலுவலகக் கோப்புக்கும் அதே சொல்தான். காகிதக் கட்டின் முதுகில் விவரம் எழுதி வைத்ததால் அந்தப் பெயர். 36 வருஷம் நாற்காலியின் முதுகில் சாய்ந்து கோப்புகளைப் புரட்டியவனுக்கு இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதில் ஆச்சரியம் இல்லை.

டென்மார்க் தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நமக்கு அவர்கள் அந்நியரும் இல்லை. 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வியாபாரம் செய்து, 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனவர்கள். அந்தச் சின்ன நாட்டின் நாற்காலி உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது இருபதாம் நூற்றாண்டில்.

அதற்கு அடித்தளம் போட்டவர் கோரெ கிளிண்ட். கோபன்ஹேகனில் உள்ள அரச கலைக் கழகத்தில் 1924-இல் மரச்சாமான் வடிவமைப்புக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். பழையதை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக யோசி என்று அவர் மாணவர்களிடம் சொல்லவில்லை. நல்ல பழைய நாற்காலி ஒன்றை எடு, அங்குலம் அங்குலமாக அள, வரை, ஏன் அந்த இடத்தில் அந்தக் கனம் என்று கண்டுபிடி என்றார். மனித உடம்பையும் அளக்கச் சொன்னார்.

இன்னொரு பக்கம் கோபன்ஹேகன் தச்சர்களின் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்தியது. அதில் ஒரு வழக்கம் உருவானது. வரைகிறவர் ஒருவர், செய்கிற தச்சர் ஒருவர் என்று ஜோடியாக வேலை செய்தார்கள். ஃபின் யூல் வரைவார், நீல்ஸ் வோடர் செய்வார். ஹான்ஸ் வெக்னர் வரைவார், யொஹானஸ் ஹான்சனின் பட்டறையில் செய்வார்கள். அந்த நாற்காலிகளைப் பற்றிய புத்தகங்களில் இன்றும் இரண்டு பேரின் பெயரும் சேர்ந்தே வருகிறது. நம் ஊர்க் கட்டடங்களில் திறப்பு விழாக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் கொத்தனார் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வெக்னர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். சிறுவயதிலேயே தச்சுப் பட்டறையில் வேலை பழகியவர். 1949-இல் அவர் செய்த வட்ட நாற்காலியில் முதுகும் கைகளும் ஒரே வளைவாக ஓடும். அந்த வளைவு மூன்று துண்டு மரம். துண்டுகள் சேரும் இடம் முதலில் அவருக்குத் திருப்தியாக வரவில்லை. அதன் மேல் பிரம்பு சுற்றி மறைத்தார். பிறகு இரண்டு கை விரல்களைக் கோத்தது போல் மரத்தைப் பல் பல்லாக வெட்டிக் கோத்து, அந்த மூட்டை எல்லாரும் பார்க்கும்படி வெளியில் விட்டார். 1960 செப்டம்பர் 26-ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் கென்னடியும் நிக்சனும் விவாதம் செய்தபோது உட்கார்ந்தது இந்த நாற்காலியில்தான்.

ஃபின் யூலின் 1945-ஆம் வருஷத்து ஈஸி சேரில் மெத்தை வைக்கும் பகுதி சட்டத்தை விட்டு விலகி, மிதப்பது போல் நிற்கும். எடை முழுவதையும் சில குறுக்குக் கட்டைகளும் அவற்றின் மூட்டுகளும் தாங்குகின்றன. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்தில் ஒரு மண்டபத்தை 1950-களின் தொடக்கத்தில் வடிவமைத்ததும் இவர்தான்.

ஈஸி சேர் என்று பெயர் வைத்தாலும் செய்வது ஈஸி இல்லை. மேஜை செய்யும்போது எல்லா மூலையும் நேர்மூலை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் போதும். சாய்வு நாற்காலியில் இருக்கை பின்பக்கம் தாழும், முதுகு சாயும், கால்கள் விரியும். ஒரு மூலையும் நேராக இருக்காது. ஒவ்வொரு துளையையும், அதில் புகும் நாக்கையும் தனித்தனிக் கோணத்தில் வெட்ட வேண்டும். மனிதன் அதில் சும்மா உட்காருவதும் இல்லை. தொப்பென்று விழுவான், ஒரு கையில் பாரம் போட்டு எழுந்திருப்பான். அந்த இழுப்பெல்லாம் மூட்டில்தான் போய்ச் சேரும்.

இனி நம் நாட்டுச் சங்கதி. கிளிண்ட் 1933-இல் ஒரு நாற்காலி செய்தார். சஃபாரி நாற்காலி என்று பெயர். அதன் மூலம் நம் நாட்டின் ரூர்க்கி. அங்கே ராணுவப் பொறியாளர்களின் முகாம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முகாமுக்கு முகாம் தூக்கிப் போக ஒரு நாற்காலி வழக்கத்துக்கு வந்தது. நான்கு கடைசல் கால்கள், நான்கு குறுக்குக் கட்டைகள், கித்தானோ தோலோ போட்ட இருக்கை. கட்டைகளின் முனை கூம்பாக இருக்கும். காலில் உள்ள துளையில் செருகினால் போதும். பசை, ஆணி, திருகு ஒன்றும் கிடையாது. ஆள் உட்கார்ந்தால் அவர் பாரமே மூட்டை இறுக்கும். மேடு பள்ளமான தரையிலும் ஒவ்வொரு காலும் தானாக வளைந்து கொடுத்து ஊன்றும். பிரித்தால் ஒரு பைக்குள் அடங்கும். பழைய பொருளில் சரியான ஃபோத்தெய் அதுதான்.

மரமும் அவர்களுடையது அல்ல. டென்மார்க்கில் தேக்கு வளராது. 1897-இல் கோபன்ஹேகனில் தொடங்கிய கிழக்காசியக் கம்பெனி சயாம் நாட்டுத் தேக்கு வியாபாரத்தில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டேனிஷ் நாற்காலி என்றாலே தேக்கு என்று ஆகிவிட்டது. தேக்கு என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதுதான். பள்ளியில் தெக் என்று பிரெஞ்சில் எழுதியபோது அது நம் தேக்கு என்று எனக்குத் தெரியாது.

மரமும் நம் ஆசியாவினுடையது, ஒரு முன்மாதிரியும் நம்முடையது. அப்படியானால் அவர்கள் சேர்த்தது என்ன? அளவெடுக்கும் பொறுமை, அடிப்பக்கத்தையும் இழைக்கிற நேர்மை, தச்சருக்குக் கொடுத்த மரியாதை. இந்த மூன்றில் முதல் இரண்டை நான் திண்டிவனத்திலேயே பார்த்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் என் அம்மா பிறந்த வீட்டுத் தெருவில் ஓர் ஆசாரி இருந்தார். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதுதான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஆசாரியின் கொட்டாப்புளியும் புளிய மரத்தில் கடைந்ததுதான். தேக்கு இழைக்கும் நாளில் உளியை அடிக்கடி சாணை பிடிப்பார். தேக்குக்குள் மணலைப் போன்ற பொருள் இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும் என்பதை நான் பின்னாளில் படித்தேன். அவர் படிக்காமலே, "இது வாய்க்குள்ள மண்ணை வெச்சிருக்கிற மரம் தம்பி" என்பார்.

என் அப்பாவின் ஈஸி சேர் அவர் செய்தது. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். மடக்கும் சட்டம், பின்னால் சாய்வைக் கூட்டிக் குறைக்க மூன்று வெட்டு, மேலும் கீழும் கழி கோத்து மாட்டிய கித்தான். மேல் கழியைச் சத்தமில்லாமல் உருவி வைத்துவிட்டு, பெரியவர்கள் தொப்பென்று விழுவதைப் பார்க்கக் கதவு மறைவில் காத்திருந்த பாவத்தைச் செய்யாத பிள்ளைகள் நம் தலைமுறையில் குறைவு. நானும் செய்தேன். தாத்தா விழுந்தார். அதற்கு வாங்கியதும் ஞாபகம் இருக்கிறது.

அதில் கை ஆடத் தொடங்கினால் அப்பா ஆணி அடிக்க விடமாட்டார். ஆசாரியிடம் தூக்கிப் போவோம். மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாக மாறாது. இப்படி வருஷா வருஷம் உப்பிச் சுருங்கித்தான் துளைக்குள் நாக்கு தளர்ந்து போகிறது. ஆசாரி வெந்நீரும் சூடும் காட்டுவார். அந்தக் காலத்து வஜ்ரம் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. சூடு பட்டால் இளகிவிடும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, நாக்கின் நுனியில் சின்ன ஆப்பு வைத்து, புது வஜ்ரம் தடவி, கயிறு போட்டு முறுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுவார். மறுநாள் புது நாற்காலி. ஆணி அடித்தால் மரம் பிளக்கும். பிளந்த மூட்டை அடுத்த தடவை யாராலும் கழற்ற முடியாது. அவர் ஒட்டிய மூட்டை அடுத்தவர் கழற்றலாம். இதில் ஒரு மரியாதை இருக்கிறது, எனக்குப் பின்னால் இன்னொரு தச்சன் வருவான் என்கிற எண்ணம்.

இதே காலத்தில் உலகப் பெயர் பெற்ற நாற்காலிக்காரர் ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே என்ற தங்கும் விடுதியை 1930-களின் கடைசியில் கட்டத் தொடங்கினார்கள். ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்து நன்கொடை வந்ததால் அந்தப் பெயர். கட்டடக் கலைஞர் ஆன்டொனின் ரேமண்ட். அவரிடம் வேலை பார்த்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் ஜார்ஜ் நகஷிமா 1937-இல் புதுச்சேரிக்கு வந்து, கட்டட வேலையைக் கவனித்ததோடு அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் வடிவமைத்தார். ஆசிரமத்திலேயே சேர்ந்து சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். பிறகு அமெரிக்கா திரும்பிக் கட்டடக் கலையை விட்டுவிட்டு மரவேலைக்கே போனார். இன்று அவர் கையால் செய்த மேஜை நாற்காலிகளை அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். அவர் மரச்சாமான் வேலைக்கு வந்தது நம் புதுச்சேரியில். நான் அந்தத் தெரு வழியாகத்தான் பல நாள் சைக்கிளில் போனேன். பள்ளியில் பாரிஸ் வீதிகளின் பெயரை ஒப்பித்த எனக்கு, அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1980-களின் நடுவில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு இரும்பு நாற்காலிகள் வந்து இறங்கின. ஊரும் அலுவலகப் பெயரும் வேண்டாம். பழைய மர நாற்காலிகளைக் கழிவு செய்து ஏலம் விட வேண்டும். தளவாடப் பதிவேடு என் பொறுப்பு. மொத்தம் 23 உருப்படிகள். பெரும்பாலும் பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலிகள். ஒன்று மட்டும் பழைய காலத்து அதிகாரிகள் காலை நீட்டிப் போட்டுக்கொள்ளும் நீண்ட கை வைத்த சாய்வு நாற்காலி. கழிவு செய்ய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும்.

வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்த திண்டிவனத்து ஆசாரியை அழைத்துக் காட்டினேன். அப்போது அவருக்கு நல்ல வயது. நீண்ட கை நாற்காலியைக் கவிழ்த்தார். அடிப்பக்கமும் இழைத்திருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, மூட்டுதான் ஆடுது, மரம் சாகலை. பிரம்பு போனது போகட்டும், அது மறுபடி பின்னிக்கலாம். இருபதுக்கு மேல தேறும். ஒரு வாரம் கொடுங்க, கூலி மட்டும் போதும்" என்றார்.

பழுதுபார்க்கும் செலவுக்கு அனுமதி கேட்டால் தனிக் கோப்பு போட வேண்டும். மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும். தணிக்கை வருகிற மாதம். மேலே யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 23 வரிகளிலும் ஒரே காரணத்தை நான்தான் எழுதினேன்: "பழுதுபார்க்க இயலாதது." அது பொய் என்று தெரிந்தே எழுதினேன். ஏலத்தில் ஒரு நாற்காலிக்கு 15 ரூபாய்கூடத் தேறவில்லை. எடுத்தவர் விறகு விலைக்குத்தான் எடுத்தார். ஆசாரி அப்புறம் என்னைப் பார்க்கும்போது அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் செய்தது எனக்கு மட்டும் நடந்த தவறு அல்ல என்பது பின்னால் சண்டிகர் செய்தி படித்தபோது தெரிந்தது. அந்த நகரம் கட்டப்பட்ட 1950-களில் லெ கொர்புசியேயின் உறவினர் பியேர் ஜான்ரே அங்கேயே தங்கி அரசு அலுவலகங்களுக்குத் தேக்கும் பிரம்புமாக நாற்காலிகள் வடிவமைத்தார். உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். பிற்காலத்தில் அவை பழுதென்று மொட்டை மாடியில் குவிந்து, ஏலத்தில் அற்ப விலைக்குப் போயின. பிரெஞ்சு வியாபாரிகள் சிலர் வாங்கிப் போய்ச் செப்பனிட்டார்கள். பாரிஸிலும் நியூயார்க்கிலும் அதே நாற்காலிகள் லட்சக்கணக்கில் விலை போயின. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. அங்கேயும் ஒரு குமாஸ்தா என்னைப் போல் பட்டியல் எழுதியிருப்பார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

என் பட்டியலில் இருந்தவை பாரிஸுக்குப் போகத் தகுந்தவை என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியாத தச்சர்கள் செய்தவை. போனது மரம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கழற்றி மாட்ட நாற்காலி வராமல் போனால், கழற்றி மாட்டத் தெரிந்த கையும் போய்விடும். ஆசாரியின் மகன் உளியைத் தொடவில்லை. லாரி வேலைக்குப் போனார். கோபன்ஹேகனிலும் 1966-க்குப் பிறகு அந்தக் கண்காட்சி நின்றுபோனது. ஆனால் சில வடிவங்களைச் செய்வதை அவர்கள் விட்டுவிடவில்லை. வெக்னரின் ஒரு நாற்காலியை 1950-லிருந்து இன்று வரை செய்கிறார்கள். அதன் இருக்கைக்குச் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிற்றைக் கையாலேயே பின்னுகிறார்கள். நமக்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்து 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிலைக்குக் கிடைத்தது போல் நாற்காலிக்கும் ஒரு நாள் கிடைக்கலாம்.

பெங்களூரிலிருந்து வந்ததும் பரணில் கிடந்த அப்பாவின் ஈஸி சேரை இறக்கினேன். வலது கையைத் தாங்கும் குத்துக்கட்டை ஆடியது. விழுப்புரத்தில் ஓர் இளம் தச்சரை வரவழைத்தேன். அவர் ஆணியை எடுத்தார். வேண்டாம் தம்பி, கழற்றலாம் என்றேன். இருவரும் வெந்நீர் ஒற்றி ஒற்றி அரை நாள் மெனக்கெட்டோம். மூட்டு வந்தது. நாக்கின் பக்கவாட்டில் உளியால் போட்ட இரண்டு கோடு, துளையின் ஓரத்திலும் அதே இரண்டு கோடு. எது எதற்குள் போக வேண்டும் என்று பின்னால் கழற்றப் போகிறவனுக்கு ஆசாரி எழுதி வைத்த குறிப்பு. அந்தத் தம்பி அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ பழைய நாற்காலி கிடந்தால் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கமும் இழைத்திருந்தால் செய்தவர் நல்ல தச்சர். ஆடினால் ஆணி அடிக்காதீர்கள், இரும்புத் தகடு வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து வெயிலில் வைக்காதீர்கள். மூட்டைக் கழற்றி ஒட்டத் தெரிந்தவர் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருப்பார். தேடுங்கள்.

பதிவேட்டில் ஒரு வரி தவறாகிவிட்டால் அழிக்கக் கூடாது. மேலே ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். விதி அது. அந்தப் பதிவேடு இப்போது எங்கே இருக்கிறதோ. அதனால் இங்கே எழுதுகிறேன். 23 உருப்படிகள், காரணப் பத்தியில் "பழுதுபார்க்க இயலாதது" என்பதை நீக்கி, "பழுதுபார்க்கவில்லை" என்று படிக்கவும்.

அப்பாவின் நாற்காலிக்குப் புதுக் கித்தான் போட்டாயிற்று. பேரன் அதன் மேல் கழியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் தடவிப் பார்க்காமல் உட்காருவதில்லை.